மடியில் கனம் இல்லை, மண்ணில் உண்டு

எரிமலைக்கு அருகே மாடு மேய்வதில் வியப்பொன்றும் இல்லை. ஐஸ்லாந்தின் தென்கரை, நியூசிலாந்தின் தாரனாக்கி, சிலியின் ஓசோர்னோ, ஈக்வடாரின் மச்சாச்சி என்று பெயர்பெற்ற பால் வட்டாரங்கள் பல எரிமலைச் சாம்பல் மண்ணின்மேல்தான் இருக்கின்றன. அந்த மண் இலேசானது; தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வேர் தடையின்றி இறங்கும். மழையும் மிதமான குளிரும் அமைந்துவிட்டால் புல்லுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மலை புகையத் தொடங்கும்போது இந்தப் பசுமையைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது. அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் எல்லாம் இருக்கிறதே, அவை புல் வழியாக மாட்டுக்கும் மாட்டின் வழியாகப் பாலுக்கும் வந்துவிடாதா என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடும் முறையில்தான் கோளாறு. எரிமலையடிவாரப் பண்ணைகளில் பால் மாதிரி எடுத்து, அதில் உள்ள உலோகத்தை அளந்து, அனுமதி வரம்போடு ஒப்பிட்டு, கூடுதலாக இருந்தால் மலையைச் சுட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் இரண்டு இடங்களில் சறுக்குகிறது என்பது என் வாதம். முதலாவது, கன உலோகங்களில் பெரும்பாலானவை பசுவின் உடலில் சேரும் இடம் பால் அல்ல. இரண்டாவது, எரிமலை மண்ணில் இன்று கூடுதலாக இருக்கும் காட்மியம் போன்றவற்றைக் கொண்டுவந்தது பெரும்பாலும் எரிமலை அல்ல, அந்த மண்ணின் பசியைத் தீர்க்க மனிதர் கொட்டிய உரம். இதற்கு நியூசிலாந்தைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அதனால் அதையே நடுவில் வைத்து, மற்ற நாடுகளை அதன் எதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் பாறையிலிருந்து தொடங்குவோம். எரிமலை என்றதும் பூமியின் வயிற்றிலிருந்து உலோகம் கொட்டுவதாக ஒரு கற்பனை நமக்குள் ஓடுகிறது. உண்மையில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் பாறைகளில் காட்மியம் மிகக் குறைவு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது போன்ற அளவுதான். ஈயம் பொதுவாகப் பத்து இருபது மில்லிகிராம் அளவில் நிற்கும்; சாதாரண வயல் மண்ணிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். கருமையான பசால்ட்டில் கோபால்ட்டும் நிக்கலும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். வெளிறிய ரயோலைட்டிலும் அது நுரைத்து உறைந்த நுரைக்கல்லிலும் அதுவும் இராது. புகையின் கதை வேறு. எட்னா போன்ற ஓயாது மூச்சுவிடும் மலைகள் பாதரசம், காட்மியம், ஈயம் ஆகியவற்றை ஆவியாகவும் நுண்துகளாகவும் காற்றில் விடுகின்றன என்பது நன்கு அளக்கப்பட்ட உண்மை. அந்த அளவை ஆண்டுக்கு இத்தனை டன் என்று கூட்டிப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அது வானத்தில் பரந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறி, பெரும்பகுதி கடலில் விழுகிறது. உலகக் கணக்கில் பெரிதாகத் தெரிவது ஒரு பண்ணையின் கணக்கில் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

பண்ணையின்மேல் நேரடியாக விழுவது சாம்பல். சாம்பல் கொல்லும், அதில் ஐயம் இல்லை. ஆனால் அது கொன்ற வரலாற்றைப் புரட்டினால் கொலையாளி உலோகமே அல்ல, புளோரின் என்பது தெரியவரும். 1783இல் ஐஸ்லாந்தில் லாக்கிப் பிளவு திறந்து எட்டு மாதம் கக்கியபோது நாட்டின் ஆடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கும் மாடுகளில் பாதியும் மடிந்தன. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். 1970இல் ஹெக்லா வெடித்தபோது மீண்டும் ஆயிரக்கணக்கான ஆடுகளும் குட்டிகளும் போயின. சாம்பல் துகள் காற்றில் பறக்கும்போதே வாயுவிலுள்ள புளோரின் அதன்மேல் உப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. துகள் எவ்வளவு சன்னமோ அவ்வளவு பரப்பு, அவ்வளவு புளோரின். அதனால் மலைக்கு அருகே கனமாக விழும் சாம்பலைவிடத் தொலைவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் படியும் பொடி கொடியதாக இருக்கலாம். ஹெக்லாவில் அப்படித்தான் நடந்தது. நியூசிலாந்தின் ருவாப்பெஹு 1995இல் வெடித்தபோதும் சுமார் 2,000 ஆடுகள் இறந்தன. காரணம் புளோரைடு நஞ்சும், சாம்பல் மூடிய புல்லைத் தின்ன முடியாத பட்டினியும். அதே சாம்பல் அந்த நிலங்களுக்குக் கந்தகத்தையும் செலினியத்தையும் சேர்த்தது என்று மண்ணியலாளர்கள் பின்னர் அளந்து சொன்னார்கள். இரண்டுமே அந்த வட்டாரத்து மேய்ச்சல் நிலங்களில் பற்றாக்குறையானவை. மலை ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்திருக்கிறது. கொடுத்ததைச் செய்தித்தாள் எழுதாது என்பது வேறு. இங்கே கவனிக்கவேண்டியது, புளோரைடு ஆபத்து சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்கானது. நல்ல மழை பெய்து சாம்பலின் உப்பு கரைந்து இறங்கிவிட்டால் முடிந்தது. மாட்டைக் கொட்டகையில் அடைத்துப் பழைய தீவனம் போடுவதும், தொட்டித் தண்ணீரை மூடி வைப்பதும் போதுமான மருந்து. 2010இல் எரிமலை வெடித்தபோது ஐஸ்லாந்து விவசாயிகள் அதையே செய்தார்கள்.

உலோகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், எரிமலை மண்ணால் கால்நடை அழிந்த மிகப் பெரிய உலோகக் கதை மிகுதியின் கதையல்ல, குறைவின் கதை. நியூசிலாந்து வடதீவின் நடுமேட்டில், தாவ்ப்போ எரிமலை சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் கொட்டிய நுரைக்கல் மண்மேல், புல் நன்றாக முளைக்கும். மாடு மட்டும் தேறாது. வயிறு நிறையத் தின்றும் எலும்பும் தோலுமாகி, ரத்தம் வெளுத்துச் சாகும். குடியேறிய விவசாயிகள் இதைப் புதர் நோய் என்றார்கள். இரும்புச் சத்துக் குறைவு என்று நெடுங்காலம் நம்பி, லிமோனைட் என்ற இரும்புக் கல்லைப் பொடித்துக் கொடுத்தார்கள். சில கல் வேலை செய்தது, சில செய்யவில்லை. 1930களின் நடுவில் மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே போன்ற நோயை ஆராய்ந்த அண்டர்வுட்டும் ஃபில்மரும் புதிரை அவிழ்த்தார்கள். வேலை செய்தது இரும்பு அல்ல, அந்தக் கல்லில் கலப்பாக இருந்த கோபால்ட். அசைபோடும் விலங்கின் வயிற்று நுண்ணுயிர்களுக்குக் கோபால்ட் இல்லாவிட்டால் பி12 உயிர்ச்சத்தைச் செய்ய முடியாது என்பது 1948இல் அந்த உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்ட பிறகு முழுமையாக விளங்கியது. அதற்கு முன்பே நியூசிலாந்து விவசாயிகள் கைப்பிடியளவு கோபால்ட் உப்பைச் சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு கலந்து தூவத் தொடங்கி, காடு வைக்கத்தான் லாயக்கு என்று ஒதுக்கிய பூமியைப் பால் பூமியாக மாற்றிவிட்டார்கள். இந்த வெற்றியை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறையாக இருந்த உலோகத்தைச் சுமந்து சென்ற அதே சூப்பர் பாஸ்பேட் மூட்டைதான், யாரும் கேட்காத இன்னோர் உலோகத்தையும் சுமந்து சென்றது.

எரிமலைச் சாம்பல் வெயிலிலும் மழையிலும் சிதைந்து அல்லோஃபேன் என்ற உருவற்ற களிமண் கனிமமாக மாறுகிறது. தாரனாக்கி மலையைச் சுற்றியும் வைக்காட்டோவிலும் மேய்ச்சல் நிலத்தின் உயிர் அதுதான். அந்தக் கனிமத்துக்கு ஒரு தீராத குணம் உண்டு: பாஸ்பேட்டைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. சிலியில் ட்ருமாவோ என்றும் ஜப்பானில் குரோபோகு என்றும் சொல்லப்படும் மண்களுக்கும் இதே குணம்தான். பாஸ்பரஸ் கிடைக்காவிட்டால், மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும் கிளோவர் என்ற பயறுவகைச் செடி செழிக்காது. கிளோவர் செழிக்காவிட்டால் புல்லுக்குத் தழைச்சத்து இல்லை. புல் இல்லாவிட்டால் பால் இல்லை. ஆகவே மற்ற மண்ணுக்கு ஒரு பங்கு போட்டால் இந்த மண்ணுக்கு அதைவிடக் கூடுதலாகப் போடவேண்டியிருந்தது. அதற்கான பாஸ்பேட் பாறை வந்தது பசிபிக்கின் நவூரு, பனாபா தீவுகளிலிருந்து, பின்பு இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து. முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் 1919இல் உடன்படிக்கை செய்து நவூருவின் பாஸ்பேட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. சந்தை விலைக்கும் கீழே கிடைத்த அந்தப் பாறையை அமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட்டாக்கி, 1949 முதல் விமானத்திலிருந்தே மலைச்சரிவுகளில் தூவினார்கள். நவூருவின் பெரும்பகுதி இன்று பல்லுப்பல்லாகத் துருத்தி நிற்கும் சுண்ணாம்புத் தூண்களின் பாலை. பனாபா மக்கள் 1945இல் ஃபிஜியின் ராம்பி தீவுக்கு அகற்றப்பட்டார்கள். நியூசிலாந்தின் மலிவான வெண்ணெய்க்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கட்டுரை. இங்கே வேண்டியது இவ்வளவே: கடலோடும் கடற்பறவை எச்சத்தோடும் தொடர்புடைய பாஸ்பேட் பாறைகளில் காட்மியம் இயல்பாகவே சேர்ந்திருக்கும், நவூரு பாறையில் அது மிக அதிகம். மாறாக, ரஷ்யாவின் கோலா, தென்னாப்பிரிக்காவின் பலபோர்வா போன்ற இடங்களில் பூமியின் உருகிய குழம்பிலிருந்தே உறைந்த பாஸ்பேட் பாறைகளில் காட்மியம் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். நெருப்பிலிருந்து வந்த பாறை சுத்தமாக இருக்க, பறவையும் கடலும் தொட்ட பாறைதான் அழுக்கைக் கொண்டுவந்தது.

இரண்டு மூலங்களையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்கலாம். கணக்கு கரடுமுரடானதுதான், ஆனால் திசை காட்டும். ஒரு ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சாம்பல் விழுந்தால் அது சுமார் பத்து டன். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்தால் மொத்தம் ஒரு கிராம். அதிலும் பெரும்பகுதி துகளின் உள்ளே பூட்டிக் கிடக்கும். இனி உரம். 1990களுக்கு முந்தைய சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 400 மில்லிகிராம் காட்மியம் என்றும், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 கிலோ பாஸ்பரஸ் போட்டார்கள் என்றும் கொள்வோம். ஒரே ஆண்டில் 16 கிராம். மேல்மண் ஐந்து லட்சம் கிலோ என்றால் ஆண்டுக்குக் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் ஏறும். பதினைந்து ஆண்டில் அரை மில்லிகிராமை நெருங்கும். மலை அப்படி அடிக்கடி வெடிப்பதில்லை. உரவண்டி ஆண்டுதோறும் வந்தது. புதிய சாம்பலின் மேற்பரப்பில் வாயுவிலிருந்து படிந்த காட்மியம் கூடுதலாக இருக்கும் என்று ஒருவர் மறுக்கலாம். சரி, ஐந்து மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓராண்டு உரத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

அளந்த எண்களும் இதையே சொல்கின்றன. நியூசிலாந்தில் உரம் படாத நிலத்தின் மேல்மண்ணில் காட்மியம் கிலோவுக்குச் சுமார் 0.16 மில்லிகிராம். நாட்டின் மொத்தச் சராசரி 0.35. எரிமலை மண்ணும் அடர்ந்த பால்பண்ணையும் சேர்ந்த வைக்காட்டோவில் 0.60, தாரனாக்கியில் 0.66. மலைதான் காரணம் என்றால் அதே மலையின் அடிவாரத்தில் உரம் காணாத காட்டு மண்ணிலும் இந்த உயர்வு தெரியவேண்டும், அங்கே தெரிவதில்லை. உரத்தோடு யுரேனியமும் கூடவே வந்து மேய்ச்சல் மண்ணில் சேர்ந்திருப்பது இன்னொரு தடயம், ஏனென்றால் அதுவும் பாஸ்பேட் பாறையின் கூட்டாளி. உர ஆலைகள் 1990களில் நவூருப் பாறையைக் குறைத்து வேறிடங்களுக்குத் திரும்பின. ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 280 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாங்களாகவே ஏற்றன. 2011இல் நாடு தழுவிய காட்மிய மேலாண்மைத் திட்டம் வந்தது. மண்ணில் 0.6, 1.0, 1.4, 1.8 மில்லிகிராம் என்று படிகள் வகுத்து, படி ஏற ஏற உரத்தைத் தேர்ந்து போடவேண்டும், கடைசிப் படியைத் தாண்டினால் இனிச் சேர விடக்கூடாது என்பது அதன் சாரம்.

இவ்வளவு காட்மியம் மண்ணில் இருக்கும்போது பாலில் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு விடை பசுவின் உடம்பில் இருக்கிறது. புல் மட்டுமல்ல, புல்லோடு ஒட்டிய மண்ணையும் பசு தின்கிறது. குளிர்காலச் சேற்றில் குட்டைப் புல்லை மேயும் கறவைப் பசு ஆண்டுக்குச் சில நூறு கிலோ மண்ணை விழுங்கும் என்று நியூசிலாந்தில் 1960களிலேயே காட்டியிருக்கிறார்கள். தாரனாக்கி மண் 300 கிலோ போனால் அதோடு 200 மில்லிகிராம் காட்மியம் போகும். நாளுக்கு அரை மில்லிகிராம். புல்லிலிருந்து வருவது அதைவிட அதிகம். ஆனால் அசைபோடும் விலங்கின் குடல் காட்மியத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே ரத்தத்துக்கு விடுகிறது. விட்டதையும் கல்லீரல் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தால் கட்டிப்போட்டு, மெல்லச் சிறுநீரகத்துக்குக் கடத்துகிறது. அங்கே போனது அந்த மாட்டின் ஆயுளுக்கும் வெளியேறாது. மடிக்கு வருவது மிகமிகச் சொற்பம். பெரும்பாலான பரிசோதனைகளில் கருவி காணும் எல்லையில்தான் நிற்கிறது. அதனால்தான் நியூசிலாந்தின் உணவுப் பாதுகாப்பு விதி பாலைத் தொடவில்லை, சிறுநீரகத்தைத் தொட்டது. முப்பது மாதத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகளின் சிறுநீரகம் அந்த நாட்டில் மனித உணவுக்குப் போவதில்லை. சிறுநீரகத்துக்கு அங்கே காட்மிய வரம்பு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், இறைச்சிக்கு 0.05. ஐம்பது மடங்கு வேறுபாடு உள்ள இரண்டு வரம்புகளே உலோகம் உடலில் எங்கே தங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. பாலை அளந்து 'காட்மியம் இல்லை' என்று சான்றிதழ் தருவது பாலைப் பற்றிய உண்மை. அந்தப் பண்ணையைப் பற்றிய உண்மை அல்ல.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்று அர்ஜென்டினாவிலிருந்து வருகிறது. ஆண்டிஸ் எரிமலைகள் பல ஆயிரம் ஆண்டுகளாகக் காற்றில் அனுப்பிய கண்ணாடிச் சாம்பல், சாக்கோ பாம்பா சமவெளியின் வண்டலில் கலந்து கிடக்கிறது. காரத்தன்மை கொண்ட நிலத்தடி நீர் அதைத் தொட்டு ஆர்சனிக்கைக் கரைத்தெடுக்கிறது. இந்தச் சமவெளியின் பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் வரும். கோர்டோபா மாகாணத்துப் பெல் வில் ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோல் கறுத்து, உள்ளங்கை தடித்து, புற்றாகும் நோயை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்; அந்த ஊர்ப் பெயரிலேயே நோய் அறியப்பட்டது. உரமோ ஆலையோ இதற்குக் காரணமல்ல; எரிமலைதான், அதுவும் தொலைதூர எரிமலை. அதே மாகாணத்தின் தென்கிழக்கு, நாட்டின் பெரிய பால் வட்டாரங்களில் ஒன்று. மாடுகள் குடிப்பது அந்தக் கிணற்று நீரையே. ஆகவே மலை கொண்டுவரும் நஞ்சு சிறிது என்று சொல்லிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் பெரெஸ் கரேராவும் ஃபெர்னாண்டெஸ் சிரெல்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அங்கே கறந்த பாலில் கண்டது கிலோவுக்குச் சுமார் 10 மைக்ரோகிராமைத் தாண்டாத ஆர்சனிக். பசு குடித்த தண்ணீரில் இருந்ததோ அதைவிடப் பல மடங்கு. ஆர்சனிக்கைப் பசு பெரும்பாலும் சிறுநீரில் கழித்துவிடுகிறது. அதே கிணற்றிலிருந்து பண்ணைக்காரரின் பிள்ளை குடிக்கும் ஒரு குவளைத் தண்ணீரில் உள்ள ஆர்சனிக், அந்தப் பிள்ளை நாள் முழுதும் குடிக்கும் பாலில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும். இங்கே மூலம் மலைதான். என் வாதத்தின் ஒரு கால் இந்த இடத்தில் நிற்காது. ஆனால் பாலில் தேடுவது வீண் என்ற மற்ற கால் இங்கேதான் மிக உறுதியாக நிற்கிறது.

நியூசிலாந்திலும் மலை நேரடியாக நஞ்சூட்டிய இடம் உண்டு, அதுவும் தண்ணீர் வழியாகவே. வையோட்டாப்பு பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து மண்ணிலும் ஓடையிலும் இறங்கிய ஆர்சனிக்கால் கால்நடைகள் நோயுற்றதைக் கிரிமெட்டும் மக்கின்டோஷும் 1939இலேயே எழுதினார்கள். 1958இல் வைராக்கே புவிவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கிய பின் பூமிக்கடியிலிருந்து இறைத்த வெந்நீரின் ஆர்சனிக் வைக்காட்டோ ஆற்றில் கூடியது. ஆற்று நீர் மனிதர் குடிக்கும் வரம்பான லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டுகிறது. மாடு குடிக்க அங்கே ஏற்கப்படும் 0.5 மில்லிகிராமுக்கு மிகக் கீழே நிற்கிறது. ஆற்றில் வளரும் நீர்ப்பாசிக் கொடிகள் ஆர்சனிக்கை நூற்றுக்கணக்கான மடங்கு சேர்த்து வைக்கும் என்பதால், கரையில் வாரிப் போட்ட கொடியை மாடு தின்னாமல் பார்ப்பது ஆற்று நீரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட முக்கியம். எட்னாவைச் சுற்றியும் இதே பாடம். அந்த மலை இருக்கும் கத்தானியா மாகாணத்தில் தைராய்டு புற்று சிசிலியின் பிற பகுதிகளைவிட இரு மடங்கு காணப்படுகிறது. ஐயம் விழுந்திருப்பது நிலத்தடி நீரிலுள்ள வனேடியம் முதலானவற்றின்மேல். காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்றாலும் தேடும் இடம் சரியானது.

பாலில் தேடுவது வீண் என்பதற்கு ஈயம் மட்டும் விலக்கு, அதை ஒளிக்கவேண்டியதில்லை. அது கால்சியத்தின் வழியில் போகும் உலோகம். எலும்பில் தங்கி, பசு சினைப்படும்போதும் கறக்கும்போதும் கால்சியத்தோடு கரைந்து வெளிவரும். ரத்தத்தில் ஈயம் ஏறினால் பாலிலும் ஏறும். மச்சாச்சியைப் பற்றிய பேச்சு இங்கேதான் வருகிறது. கீட்டோவுக்குத் தெற்கே, கோட்டோபாக்சி, ருமின்யாவி, கொராசோன், இல்லினீசா மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. 2015 ஆகஸ்டில் கோட்டோபாக்சி நெடுநாள் உறக்கம் கலைந்து கக்கிய சாம்பல் அங்கேயும் விழுந்தது. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வட்டாரத்துப் பச்சைப் பாலில் ஈயம் பன்னாட்டு வரம்பான கிலோவுக்கு 0.02 மில்லிகிராமைவிடப் பல மடங்கு என்று சொன்னது. அந்த எண்ணை நான் தள்ளவில்லை. மலையைக் கைகாட்டுவதைத்தான் ஏற்கத் தயங்குகிறேன். அந்த எரிமலைகளின் ஆண்டிசைட் பாறையில் ஈயம் சாதாரண மண்ணின் அளவே. அதே பள்ளத்தாக்கின் நடுவே பான் அமெரிக்க நெடுஞ்சாலை ஓடுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் பல பத்தாண்டுகள் எரிந்த சாலை. உலகெங்கும் மாட்டுக்கு ஈய நஞ்சு ஏறிய வழக்குகளில் திரும்பத் திரும்ப வருபவை பழைய பேட்டரியும் உரிந்த வண்ணப்பூச்சும். மாடு எதையும் நக்கிப் பார்க்கும் பிராணி. மூலத்தைப் பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் மலையின் ஈயத்துக்கும் பெட்ரோல் ஈயத்துக்கும் வேறு. சாலையிலிருந்தும் மலை முகட்டிலிருந்தும் தொலைவு கூடக்கூட அளவு எப்படிக் குறைகிறது என்றும் பார்க்கலாம். இதில் ஒன்றையும் செய்யாமல், எரிமலை அருகே இருக்கிறது என்பதையே விளக்கமாக வைத்தால், உண்மையான குற்றவாளி சாலையோரத்தில் நிம்மதியாக இருப்பான். மலையை யாரும் நிறுத்த முடியாது. பேட்டரியை அப்புறப்படுத்த முடியும். மலைமேல் பழி போடுவது செலவில்லாதது என்பதாலேயே அதில் எச்சரிக்கை வேண்டும்.

பாலைச் சோதிப்பதால் கெடுதல் என்ன, குழந்தைகள் குடிப்பதாயிற்றே என்று கேட்கலாம். ஈயத்துக்கு அந்தக் கேள்வி சரி. குழந்தையின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. ஈயத்துக்குப் பாலைச் சோதியுங்கள் என்பதே என் நிலையும். மற்றவற்றுக்குப் பால் சோதனை ஒரு பொய்யான நிம்மதியைத் தருகிறது. சாம்பல் விழுந்த வாரத்தில் ஆய்வகம் பாலில் காட்மியத்தைத் தேடிக்கொண்டிருந்தால், அதே நேரத்தில் அளந்திருக்கவேண்டிய புல்லின் புளோரைடு அளக்கப்படாமல் போகும். உலர்ந்த புல்லில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் புளோரின் என்பது ஐஸ்லாந்து அனுபவம் கற்றுத்தந்த அபாய எல்லை. அதைத் தாண்டினால் ஆடு சில நாளில் விழும். கருவியும் ஆளும் பணமும் எல்லா எரிமலை நாடுகளிலும் தாராளமாக இல்லை. எதை முதலில் அளப்பது என்பது கல்விக் கேள்வி அல்ல, ஒதுக்கீட்டுக் கேள்வி. வெடித்த வாரம் புல்லிலும் தொட்டியிலும் புளோரைடு. ஆண்டு முழுதும் கிணற்று நீரில் ஆர்சனிக். கசாப்புக் கூடத்தில் முதிய மாட்டின் சிறுநீரகத்தில் காட்மியம். சாலையோரப் பண்ணையில் பாலிலும் ரத்தத்திலும் ஈயம். வரிசை இதுவாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக உரத் துறையினரின் பக்கம். மண்ணில் காட்மியம் ஏறும் வேகம் 1990களுக்குப் பின் தணிந்துவிட்டது, கான்டர்பரியின் விஞ்ச்மோர் ஆய்வு நிலத்தில் ஏறத்தாழ நின்றே விட்டது, பாலும் சுத்தம், பின் ஏன் இந்தப் பேச்சு என்கிறார்கள். ஏற்றம் தணிந்தது உண்மை. ஆனால் ஏறியது இறங்கவில்லை. மழை அரித்துச் செல்வதும் புல் எடுத்துப் போவதும் அற்பம். விஞ்ச்மோரும் எரிமலை மண் அல்ல. பால்பண்ணையாக இருக்கும்வரை அந்தக் காட்மியம் பசுவின் சிறுநீரகத்தோடு நின்றுவிடுகிறது. உண்மையில் பசுதான் நமக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டியாக நிற்கிறது. நிலம் கைமாறி அதே மண்ணில் உருளைக்கிழங்கோ கீரையோ கோதுமையோ வைத்தால் அந்த வடிகட்டி இல்லை. கிழங்குக்கும் கீரைக்கும் அங்கே காட்மிய வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். மண் அமிலமானால் செடி உறிஞ்சுவது கூடும். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அதைத் தொடர்ந்து போடவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று பாஸ்பேட் உரத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. பாஸ்பரஸ் கணக்கில் மாற்றினால் அது ஏறத்தாழ 137. நியூசிலாந்தின் 280 அதற்கு இரு மடங்கு. ஆலைகள் நடைமுறையில் அந்த 280க்குக் கீழேதான் நிற்கின்றன. அப்படியானால் வரம்பை இறக்குவதில் அவர்களுக்கு இழப்பு சிறிது. பாறையை எங்கே வாங்குவது என்பதுதான் இடறல். காட்மியம் குறைந்த கோலாப் பாறை ரஷ்யாவினுடையது. நியூசிலாந்து நெடுங்காலம் வாங்கிவந்த மேற்கு சஹாராப் பாறையோ மொரோக்கோவின் பிடியில் உள்ள நிலத்தினுடையது; அங்குள்ள சஹ்ராவி மக்களின் ஒப்புதல் இன்றி அகழ்வதாக வழக்கும் கண்டனமும் தொடர்கின்றன. தாரனாக்கி மலையடிவாரத்து மண்ணில் காட்மியம் இனி எவ்வளவு ஏறும் என்பதை இந்த இரண்டு இடங்களின் அரசியல் தீர்மானிக்கும். மலைக்கு அதில் பங்கில்லை.